வைப்பர் ஓடினால் ஹாரன் அடிக்கும்

என் இடுப்பு வலி மூட்டை தூக்கி வந்ததல்ல. இருபத்திரண்டு வருஷமாக சிமெண்ட் மூட்டை தூக்குகிறேன். ஐம்பது கிலோ மூட்டை, நாளைக்கு முந்நூறு. இடுப்பு ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. இந்த வலி காரில் ஏறி இறங்கி வந்தது. ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு திறக்காது. அடுத்த பக்கமாக நுழைந்து, கியர் கம்பியைத் தாண்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் காலை மடக்கிச் சொருக வேண்டும். அன்றைக்குக் காலையில் சொருகும்போது சுளீரென்று பிடித்துக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தேன். மழை தூற ஆரம்பித்திருந்தது.

“உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா? ஒண்ணு முடிவு பண்ணுங்க, சீட்டு நனையுது,” என்றாள் மனைவி.

“தள்ளு.”

“எந்தப் பக்கம்?”

“உள்ளதான்.”

தள்ளினாள். மூட்டை தூக்குகிறவன் பெண்டாட்டி, தள்ளத் தெரிந்தவள். போய் விழுந்தேன்.

அன்றைக்குக் கிடங்கில் லீவு சொல்லியிருந்தேன், காருக்குத் தகுதிச் சோதனை. அதில் தேறாவிட்டால் கார் ரோட்டில் ஓடக் கூடாது, இரும்புக் கடைக்குத்தான் போகும். கார் போனால் என் வேலையும் போகும். சிமெண்ட் கிடங்கு ஊருக்கு வெளியே பத்தொன்பது கிலோமீட்டர். முதல் பஸ் ஆறு மணிக்கு, கிடங்கு கேட் அடைப்பது ஐந்தரைக்கு. மூன்று நாள் பிந்தினால் பெயரை அடித்துவிடுவார்கள். நான் ஏற்கெனவே இரண்டு நாள் பிந்தியிருந்தேன்.

காருக்கு இருபத்தேழு வயசு. வெயில் காலத்தில் இஞ்சின் கொதிக்கும். அந்தச் சூட்டை இறக்க ஹீட்டரைப் போட்டு எல்லாவற்றையும் நம் பக்கம் திருப்பிவிட வேண்டும். வெளியே நெருப்பு, உள்ளே அடுப்பு, நடுவில் நான். குளிர் காலத்தில் அதே ஹீட்டர் வேலை செய்யாது. பேட்டரியும் செத்துப்போகும் என்பதால், ராத்திரி அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றி வைப்பேன். “எனக்கு ஒரு நாள் இப்படிப் போத்திவிட்டிருக்கீங்களா?” என்று மனைவி கேட்டிருக்கிறாள். நீ போர்வை இல்லாமலே காலையில் எழுந்துவிடுகிறாய் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மழைக் காலக் கதைக்கு மச்சான்தான் பொறுப்பு. மனைவியின் அண்ணன், தண்ணீர் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். போன மழையில் வைப்பர் நின்றபோது, “பம்பா இருந்தா என்ன, காரா இருந்தா என்ன, கரண்டுக்குத் தெரியவா போகுது?” என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வைப்பர் ஓடியது. ஓடும்போதெல்லாம் ஹாரனும் அடித்தது. ஹாரனை நிறுத்தினால் வைப்பரும் நின்றது.

“மச்சான், ஹாரன் அடிக்குது.”

“வைப்பர் ஓடுதா?”

“ஓடுது.”

“வைப்பர் கேட்டீங்க, வைப்பர் குடுத்தாச்சு மாப்பிள்ள. ஹாரன் இனாம்.”

அதிலிருந்து மழை பெய்தால் பத்தொன்பது கிலோமீட்டரும் ஒரே ஊளைதான். தெருவுக்குப் பழகிவிட்டது. என் கார் கத்தினால் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறார்கள்.

சோதனைக்கு மச்சானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். “வயர் என்னோடது. எதாவது கேட்டா நீங்க முழிப்பீங்க,” என்றார்.

சோதனை அலுவலகத்தில் ஆய்வாளர் குடையும் அட்டையுமாக வந்தார். ஒல்லியான மனிதர். பழுப்பு ஷூ, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அட்டையில் நாற்பத்தொரு கட்டம் போட்ட படிவம்.

நான் அடுத்த பக்கக் கதவு வழியாக இறங்கி, வணக்கம் வைத்து, மறுபடி அதே பக்கமாகத் தவழ்ந்து உள்ளே போனதைப் பார்த்தார்.

“உன் பக்கத்துக் கதவுக்கு என்ன?”

“திறக்காது சார்.”

படிவத்தைப் பார்த்தார். “கதவுகள் சரியாக மூடுகின்றனவா-ன்னுதான் கேட்டிருக்கு.”

“சார், அந்தக் கதவு மாதிரி மூடுற கதவு இந்த ஊர்லயே கெடையாது,” என்றார் மச்சான்.

கட்டத்தில் டிக் விழுந்தது. ஆய்வாளர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஹாரன்.”

அமுக்கினேன். ஹாரன் அடித்தது, வைப்பரும் ஆடியது. டிக் போட்டார்.

“வைப்பர்.”

அமுக்கினேன். ஹாரன் அடித்தது.

“வைப்பர்னு சொன்னேன்.”

“ஓடுது பாருங்க சார்.”

“ஹாரன் ஏன் கத்துது?”

“கூடவே வரும் சார்,” என்றார் மச்சான். “ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது.”

ஆய்வாளர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். “தனித்தனியா வேலை செய்யணும்னு போடல. சேர்ந்து செய்யலாம்னும் போடல. வண்டிய எடு. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

கேட்டைத் தாண்டியதும் மழை கொட்டியது. விட்டால் கண்ணாடியில் வழி தெரியாது, அதனால் விடாமல் அமுக்கினேன். முன்னால் போன பஸ் ஒதுங்கியது. லாரி ஒதுங்கியது. ஸ்கூட்டர்காரன் ஒருவன் வண்டியோடு நடைபாதையில் ஏறி நின்று தலைக்கவசத்தைக் கழற்றினான். காருக்குள் பிணம் இருக்கிறதென்று நினைத்தானோ, மந்திரி இருக்கிறாரென்று நினைத்தானோ. நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, எங்களுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

ஆய்வாளர் கை தானாக எழும்பித் திருப்பி ஒரு சல்யூட் வைத்தது. பிறகுதான் அந்தக் கையை அவர் பார்த்தார்.

“யாருக்கு அடிச்சான்?”

“வாங்கினது நீங்கதான சார்?” என்றார் மச்சான்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் விளக்குகள். வழி கிடைத்தால் ஆம்புலன்ஸ் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டே, அந்தக் கூட்டம். வாய்விட்டு எண்ணினேன். பதினோரு வண்டி, ஒன்றின் முதுகில் ஒன்று.

அப்போதுதான் பள்ளம் வந்தது. தண்ணீர் நிரம்பிக் கிடந்ததில் ஆழம் தெரியவில்லை. கார் தொம்மென்று விழுந்து எழுந்தது. ஆய்வாளர் பக்கம் மிதியடிக்குக் கீழே ஒரு பலகை, பலகைக்குக் கீழே ரோடு. பலகை போய்விட்டது. அவருடைய இடது காலும் முழங்கால் வரைக்கும் போனது. ஐயோ என்று இழுத்தார். கால் வந்தது. ஷூ வரவில்லை.

பிரேக்கில் கால் வைத்தேன்.

“நிறுத்தாதய்யா!” என்று கத்தினார். “பின்னாடி பதினோரு வண்டி! மொத்தமும் நம்ம மேல ஏறிடும்!”

ஷூ போச்சு என்றால் சான்றிதழும் போச்சு. என் பெயரை அடிக்கிற பேனா கண்ணுக்குத் தெரிந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றி வந்து அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பதினொன்றும் பின்னாலேயே நுழைந்தன. எங்கே போகிறோம் என்று எவனும் பார்க்கவில்லை. எல்லாம் சோதனைக்கு வந்த வண்டி என்று நினைத்துக் காவல்காரர் கேட்டைச் சாத்திவிட்டார்.

மேலதிகாரி வராந்தாவுக்கு வந்தார். மழை நிற்காததால் நானும் அமுக்குவதை நிறுத்தவில்லை. மச்சான்தான் என் கையைத் தட்டிவிட்டார்.

“என்ன இது ஊர்வலம்?”

ஆய்வாளர் ஒரு கால் ஷூவும் ஒரு கால் சாக்ஸுமாக இறங்கிப் போய், முதல் வண்டிக்காரனிடம் காகிதம் கேட்டார். தகுதிச் சான்றிதழ் முடிந்து இரண்டு வருஷம். அடுத்தவனிடம் சான்றிதழே இல்லை. மூன்றாமவன் வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தான், கேட் சாத்தியிருந்தது. பதினொன்றில் ஒன்பது அப்படித்தான்.

மேலதிகாரி வராந்தாவை விட்டு இறங்கி வந்தார். “கொட்ற மழையில போய் ஒன்பது வண்டிய மடக்கிட்டு வந்திருக்கீங்க. அதுவும் ஒத்தக் கால்ல! மாசம் பூரா நின்னாலும் நமக்கு நாலுதானய்யா தேறும்!” என்று தோளில் தட்டினார்.

ஆய்வாளர் அட்டையின் ஓரத்தில் ஒன்பது என்று எழுதிக்கொண்டார்.

பிறகு என் காரிடம் வந்து, ஓட்டை வழியாகத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கீழ ஒண்ணுமே இல்லையே.”

“இல்ல சார்,” என்றேன். “இது போனா எனக்கு வேலை போயிடும். வேற சொல்ல எங்கிட்ட எதுவும் இல்ல.”

படிவத்தில் விரலை வைத்து நாற்பத்தொரு கட்டத்தையும் மேலிருந்து கீழே தடவினார். “தரைக்குக் கட்டம் கெடையாது.”

“அப்ப தரையே வேண்டாமா சார்?” என்றார் மச்சான்.

“மச்சான், கையெடுத்துக் கும்பிடறேன், வாய மூடுங்க.”

முத்திரை விழுந்தது. ஒரு வருஷம். காகிதத்தை நீட்டினார், நான் வாங்கினேன், அவர் விடவில்லை.

“என் ஷூ?”

“வாங்கித் தந்துடறேன் சார்.”

மறுநாள் ஐந்து இருபதுக்குக் கிடங்கு கேட்டுக்குள் இருந்தேன். வேலை முடிந்து பள்ளத்துக்குப் போய்த் துழாவினேன். சேறும் ஒரு செங்கலும் கிடைத்தன. கடைக்குப் போனேன். ஒற்றை ஷூ விற்பதில்லை என்று கடைக்காரன் சிரித்தான். அந்த அளவில் கறுப்புதான் இருந்தது, வேறு வழியில்லாமல் அதையே ஜோடியாக வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

ஆய்வாளர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “ஜோடியா வாங்கினா லஞ்சம். எடுத்துட்டுப் போ.”

“இடதை மட்டும் எடுத்துக்குங்க சார்.”

“இது கறுப்பு. என்னோடது பழுப்பு. ஒரு கால் ஒரு கலர்ல இருந்தா என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?”

“காசாத் தரட்டுமா?”

“கதவச் சாத்திட்டுப் போய்யா.”

அதற்கப்புறம் ஆறு கடை ஏறி இறங்கிவிட்டேன். அவர் ரப்பர் செருப்போடு சோதனைக்கு வருகிறார் என்று மச்சான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் அவருக்கு இன்னும் ஒரு ஷூ பாக்கி. இடது கால், பழுப்பு நிறம், அளவு ஒன்பது.