இரண்டு வரியிலும் ஒரே எண்

சேர்க்கை நாளன்று, புது மாணவர் உதவி மையத்தில் அப்பா எனக்காக ஒரு அட்டையை நிரப்பினார். அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு எண்கள் கேட்டிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் தடித்த பேனாவால் இரண்டு வரியிலும் தன் எண்ணையே எழுதினார்.

மேசைக்கு அப்பால் இருந்த அக்கா, இரண்டாவது வேறு ஆளுடையதாக இருக்க வேண்டும் என்றார்.

“எதுக்கு அடிச்சாலும் நான்தானேம்மா ஓடி வரப்போறேன்?”

அக்கா சிரித்தபடி முத்திரை குத்தினார். பிறகு அங்கே என்னென்ன உண்டு என்று ஒப்பித்தார்: பாடம் புரியாதவர்களுக்கு மாலை வகுப்பு, மனசு சரியில்லாதவர்கள் போய்ப் பேச மேலே ஓர் அறை, வர முடியாதவர்களுக்கு விடுப்புத் தாள். அப்பா பாதியைக் காதில் வாங்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் லிஃப்டில் ஏறி இறங்கினார்.

“மூணாவது மாடியில முனகுது பாரு, பெரிய மனுஷி” என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

ஐந்தாம் நாள், ஏதோ ஓர் அலுவலகத்தின் மொட்டை மாடி மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவருடைய போனுக்கு யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அதனால் அந்தப் போனை என் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வகுப்புக்குப் போனேன். எதுவும் தலையில் ஏறவில்லை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு இங்கே எனக்கென்ன வேலை என்று இருந்தது. அவளிடம் சொல்லாமலே, படிப்பிலிருந்து விலகும் தாளைக் கேட்டு உதவி மையத்துக்குப் போனேன். வீட்டில் வேலை இருக்கிறது என்று மட்டும் காரணம் சொன்னேன்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தாளைக் கொடுக்கக் கூடாதாம். அக்கா என் அட்டையைத் தேடி எடுத்து, முதல் எண்ணை அடித்தார். என் பைக்குள் போன் ஒலித்தது. என்னை வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். அது ஓய்ந்ததும், விரலை இரண்டாவது வரிக்கு நகர்த்தி மறுபடி அடித்தார். மறுபடியும் என் பை.

அக்கா அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

“எப்பம்மா?”

“சேர்ந்த அஞ்சாம் நாள்” என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போன் தானாக ஓயும்வரை அவர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

“வீட்டுல யாரும் எடுக்கலை. எடுக்காம நான் இந்தத் தாளைக் குடுத்தா என் வேலை போயிடும். இன்னிக்கு வேற தாள்தான்.”

துக்க விடுப்புத் தாளை அவரே நிரப்பினார். மாலை வகுப்பில் என் பெயரைச் சேர்த்தார். அம்மாவின் எண்ணைக் கேட்டு, அட்டையின் அடியில் இடுக்கி எழுதிக்கொண்டார். மேலே இருந்த இரண்டையும் கோடு போட்டு அடிக்கவில்லை. பேசுகிற அறைக்கு என்னைத் தனியாக அனுப்பாமல் கூடவே வந்தார். போகும் வழியில்தான் அழுதேன்.

பட்டம் வாங்கிய அன்று அக்காவைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போனேன். மூவரும் லிஃப்டில் ஏறினோம். மூன்றாவது மாடியில் அது முனகியது.