சக்களத்தி உட்கார்ந்த இடம்

முதுகால் கதவைச் சாத்திவிட்டு, "எழுந்திரு, ஏய்" என்று நாயை அதட்டினாள். அது எழவில்லை. வகுப்பில் முதல் வரிசைக்காரி மாதிரி நிமிர்ந்து, பீரோவின் அடித்தட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் கிடந்தார். காலையில் சீருடையோடு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது சரிந்தவர். நெஞ்சடைப்பு, வரும்போதே உயிரில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நெஞ்சு வலி என்று அவர் வாயைத் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. பல் வலிக்கே தெருவைக் கூட்டுகிற மனுஷன்.

விமான நிலையத்தில் வெடிகுண்டு மோப்பம் பிடிக்கும் நாயை நடத்திப்போவது அவர் வேலை. கறுப்பு லேப்ரடார், பொட்டை. அது இருப்பது அங்கேயே ஒரு கூண்டில்தான். இன்றுவரை இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. ஆனால் அதன் பேச்சு தினமும் அவரோடு வந்து சோற்றில் பங்கு கேட்கும். லீவு நாளிலும் அதற்கு முடி வாரிவிடக் கிளம்பிப் போவார். பெண்டாட்டிக்கு ஒரு சீப்பு வாங்கித் தந்ததை யாரும் கண்டதில்லை; அதற்கு மூன்று சீப்பு. தெருவே அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்ததில் என்ன தப்பு?

அந்தச் சக்களத்தியைத்தான் அவரோடு வேலை பார்த்தவள் மத்தியானம் கூட்டிவந்தாள். "ஒரு தடவை பாத்துட்டா அதுக்குப் புரிஞ்சிடும்க்கா. இல்லன்னா சாப்பிடாம வாசலையே பாத்துட்டுக் கெடக்கும்."

கூடியிருந்தவர்கள் அழத் தயாரானார்கள். கைக்குட்டைகள் வெளியே வந்தன. நாய் பெட்டியை ஒரு சுற்று சுற்றியது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு நேரே படுக்கையறைக்குள் போய்விட்டது.

"நன்றி கெட்ட ஜென்மம்" என்றாள் நாத்தனார், ஏமாற்றத்தை மறைக்காமல்.

நாயின் பின்னால் ஓடிவந்த பெண்டாட்டி அது உட்காருவதைப் பார்த்தாள். அதோடு அவளுக்கு அழுகை நின்றுபோனது.

உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனை தரம் அவர் பெருமையடித்திருக்கிறார். குண்டு கண்ட நாய் குரைக்காது, பிராண்டாது, சத்தமில்லாமல் உட்காரும். உட்கார்ந்தால் அங்கே சரக்கு இருக்கிறது.

பயிற்சிக்கு நிஜ வெடிமருந்துத் துணுக்குகள் உண்டு. அவை ஆபீஸ் இரும்புப் பெட்டியைத் தாண்டி வரக்கூடாது. வந்தால் திருட்டு. அந்த ஆபீஸின் பெரிய அதிகாரி இப்போது கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. நாயைக் கூட்டிவந்த தோழிதான். நாயைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"எப்ப உக்காந்துச்சு?"

"இப்பதான். கால் வலிச்சிருக்கும்."

"அது கால் வலிக்கெல்லாம் உக்காராதுக்கா."

"அதுக்கு மூக்கு போயிடுச்சுன்னு அவரே சொன்னாரே. கண்ட இடத்துல உக்காருதாமே."

"கண்ட இடத்துல இல்ல. கொஞ்ச நாளா பொட்டியெல்லாம் விட்டுட்டு அண்ணன் முன்னாடியே போய் உக்காந்துக்கும். உங்களைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுது அண்ணேன்னு நாங்க சிரிப்போம். மேலிடத்துல சிரிக்கல. இன்னிக்குக் காலைல ஆபீஸர் முன்னாடி அதுக்குக் கடைசிப் பரீட்சை. தப்பா உக்காந்தா வேலையிலேர்ந்து எடுத்துடறதா இருந்தாங்க."

அந்த நாய்க்கு அவள் வேண்டாத கெடுதல் கிடையாது. ஆனாலும் இன்று போல மனசார என்றும் வேண்டியதில்லை. மூக்கு அவிந்து போயிருக்கட்டும். இது பொய்யாக இருக்கட்டும். அவர் திருடனாக இல்லாமல் இருக்கட்டும்.

"ரூல்படி எல்லாரையும் வெளியேத்திட்டு ஆபீஸர்ட்ட சொல்லணும்க்கா" என்றாள் தோழி.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கண்முன் தெரிந்தது. வீடு காலியாகும். பெட்டிக்குள் அவர் மட்டும் தனியாகக் கிடப்பார். மெத்தை போல உடுப்பு மாட்டிய குண்டு எடுக்கிறவர்கள் உள்ளே வருவார்கள். தெரு எதிர்ப்பக்கம் நின்று வாயைப் பிளந்து பார்க்கும். பார்க்காமல் என்ன செய்யும்?

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்னம்மா பண்றே?" நாத்தனார். "காலைலேர்ந்து கேக்கறேன், வாயே திறக்க மாட்டேங்கறே. கூடவே இருந்தவளுக்கு ஒரு அறிகுறிகூடவா தெரியாம போச்சு?"

"வரேன் அண்ணி." பிறகு தாழ்ந்த குரலில் தோழியிடம், "நீ வெளிய போ. அவர் வெச்சதை நானே எடுக்கறேன்."

"தொடாதீங்கக்கா!"

"வெடிச்சா வெடிக்கட்டும். போ."

தோழி போகவில்லை. கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் மண்டியிட்டு அடித்தட்டைத் திறந்தாள். பழைய போர்வையை இழுத்தாள். நாயின் பார்வை அசையவில்லை. அவருடைய விசேஷ நாள் ஷூக்களை எடுத்தாள், அப்போதும் இல்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்த பாலிஷ் டப்பாவைத் தொட்டபோது நாயின் காதுகள் முன்னுக்கு வந்தன.

வீட்டில் வேறு யாரும் தொடாத பொருள் அது ஒன்றுதான். மூடி இறுகியிருந்தது. விரல்கள் வழுக்கின. மூன்றாவது தரம் திறந்துகொண்டது.

உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி. பாதிவரை பொடி மாத்திரைகள்.

தோழி அதை வாங்கி, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குண்டு இல்லக்கா. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. வெடியில போடற அதே மருந்து இதுலயும் ஒரு துளி இருக்கு. நமக்கு வாசனை தெரியாது. அதுக்குத் தெரியும்."

"நெஞ்சு வலியா? அவருக்கா?"

"வெளிய தெரிஞ்சா அன்னிக்கே நாயை அவர்கிட்டேர்ந்து வாங்கிடுவாங்கக்கா. மேஜை வேலைதான் குடுப்பாங்க. சட்டைப் பையிலயே வெச்சிருந்திருக்கார். அதான் அவர் முன்னாடியே..."

அவள் காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டைப் பையைத் துழாவியிருக்கிறாள். வண்டிச் சாவியும் ஒரு ரப்பர் வளையமும்தான் இருந்தன.

"இன்னிக்குப் பையில இல்லையே."

"இன்னிக்குத்தானேக்கா பரீட்சை" என்றாள் தோழி. புட்டியை அவள் கையில் திருப்பி வைத்தாள்.

பாலிஷ் வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. நாய் இன்னும் உட்கார்ந்தே இருந்தது.

"அதான் எடுத்தாச்சே. ஏன் எழுந்திரிக்க மாட்டேங்குது?"

"சரியாச் சொன்னா கூலி குடுக்கணும்க்கா. ஏதாவது எறிஞ்சு விளையாடணும். அதுவரைக்கும் எழாது."

அவள் ஷூவுக்குள் இருந்த காலுறைகளை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைத் திணித்துச் சுருட்டினாள். கதவைத் திறந்து கூடத்துக்குள் எறிந்தாள்.

கறுப்பாக ஒன்று கூடத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நாத்தனார் கத்திக்கொண்டே கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். அதிகாரியின் டீ மடியில் கொட்டியது. கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து காலுறையைக் கவ்விக்கொண்டு நாய் திரும்பியது. அது ஆட்டிய வால் ஒவ்வொரு நாற்காலிக் காலிலும் மோதிச் சத்தம் போட்டது.

"என்னம்மா இதெல்லாம்?" என்றார் அதிகாரி எழுந்து.

"அதுக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு சார்."

நாய் ஈரமான காலுறையை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாய் திறந்து மூச்சிரைத்தபடி பார்த்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை மறுபடி இறுக்கிச் சுருட்டினாள். இந்த முறை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் போய் விழும்படி எறிந்தாள்.