ஏழாவது கேள்வி

அவர் போனில் கூப்பிட்டபோது நான் இடைவேளைக்கு அங்கியைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலையின் கண்ணாடி நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். குடலிறக்க அறுவையில் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கிற வலை எங்களுடையது. கொசுவலைக்கு ஒன்றுவிட்ட தங்கை. காலையிலிருந்து அதையே பார்த்த கண்ணுக்குச் சுவர், மழை, எதிரே போகிறவர் முகம் எல்லாமே பொடிப்பொடிக் கட்டங்களாகத் தெரிந்தன. இந்த வேலையில் பாதி நாள் தூங்காமலே கனவு காணலாம்.

அவர் அறுவை மருத்துவர், என் கணவர். நான் அக்கா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பெரிய சண்டை எதுவும் இல்லை. பேச்சு தேய்ந்து தேய்ந்து 'சாவி எங்கே' என்கிற அளவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அந்தக் கட்டுரை முடிஞ்சுது. உங்க வலை வெச்ச இருநூறு பேரோட கணக்கு. யாரு ஆபரேஷன் பண்ணினது, யாரு எழுதினது, எல்லாம் மருத்துவப் பத்திரிகைக்காரங்க படிவத்துல நிரப்பிட்டேன். ஏழாவது கேள்வியில நிக்கிறேன்."

வாசித்தார். உங்களுக்கோ உங்கள் வாழ்க்கைத்துணைக்கோ இந்தப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தில் வருமானம் உண்டா?

'ஆம்' என்றால் இரண்டு வருட உழைப்பைப் பெண்டாட்டி கம்பெனிக்கு அடித்த ஜால்ரா என்பார்கள்.

"உங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் என்ன சொன்னாரு?"

"தனித்தனியாத்தானே இருக்கீங்க, இல்லைன்னு போட்டுடு, யாரு வந்து பாக்கப்போறாங்கன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. அழுகைகூட வரும்போல இருந்தது. மானத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் 'ஆம்' என்ற ஒரு சொல்லுக்காக ஏங்கினேன்.

"எட்டு மாசமா நீங்க கேக்காத கேள்விய ஒரு படிவம் கேக்குது பாருங்க. உங்க இஷ்டப்படி போட்டுக்குங்க."

"ஆம்னு காலையிலயே போட்டுட்டேன்."

மழை கண்ணாடியில் சத்தமே இல்லாமல் வழிந்தது. கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"அப்புறம் எதுல நிக்கிறீங்க?"

"கீழ விவரம் கேக்குது. துணைக்கு அங்க என்ன வேலைன்னு." தொண்டையைச் செருமினார். "பத்து வருஷமாச்சு. நீ அங்க என்ன பண்றேன்னு எனக்குச் சரியாத் தெரியல."

சிரிப்புதான் வந்தது. கூடவே கோபமும். இருநூறு வயிற்றில் என் வலையை வைத்துத் தைத்த மனுஷன்!

"மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்."

காலையில் கைகழுவி உள்ளே போவதிலிருந்து ஆரம்பித்தேன். மறுமுனையில் அவர் ஒற்றை விரலால் தட்டுவது கேட்டது. வேலைக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. தட்டும் சத்தம் நின்று, எனக்காகக் காத்திருந்தது.

"ம், அப்புறம்?"