ஐந்தரை மணிக்குப் பதினான்கு வயது

பிரசாந்துக்கு முப்பத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்த வருஷம், ஆவணி மாதத்து முதல் திங்கட்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு அவனுக்குப் பதினான்கு வயதானது. ஆறு மணிக்கு மறுபடியும் முப்பத்திரண்டு ஆனது. அன்று பழவேற்காட்டில் வெள்ளை இறால் கிலோ நானூற்றுப் பத்து ரூபாய்; நண்டு வரத்து குறைவு. முதலில் மீசை போனது, அப்புறம் தொப்பை, அப்புறம் முன்மண்டை வழுக்கையில் முடி அடர்த்தியாக வந்து நின்றது. கைலி இடுப்பில் நிற்காமல் சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடத்துப் பழைய டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்த டிவி பத்து வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்திலேயே செத்துப்போனது. மேலே மாவு டப்பா வைக்கத்தான் அதை விட்டுவைத்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து மடவை மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி வெண்ணிலா உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். அவன் உடைந்த குரலில், "அக்கா, ஓரமா நில்லு, மறைக்குது" என்றான். வெண்ணிலா ஓரமாக நின்றாள். மீன் அரைகுறையாகக் கிடந்ததை ஆறு மணிக்குத்தான் போய்ப் பார்த்தாள். மறுநாளும் ஐந்தரைக்கு இதே கதை, அதற்கு மறுநாளும்.

இந்த ஐந்தரை மணிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைப் பிரசாந்த் வாயால் கேட்டவர்கள் ஒரு முறைக்கு மேல் கேட்க மாட்டார்கள். இரண்டாயிரத்து ஏழில் வீட்டுக்கு ஒரு கலர் டிவி அரசாங்கம் கொடுத்தது. கண்வலி வந்து பள்ளிக்கூடம் போகாமல் கிடந்த பிரசாந்த், ரிமோட்டைக் கண்டபடி அமுக்கியதில் ஒரு சேனலில் தினமும் ஐந்தரை மணிக்கு வரும் 'ஏழு வாயில் கோட்டை' மாட்டியது. அவ்வளவுதான் விஷயம். அதை அவன் சொல்லும்போது, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே புதிதாக ஒரு முகத்துவாரத்தையே தோண்டிக் கொடுத்தவன் போலச் சொல்வான். ஜப்பான்காரன் வரைந்து தமிழில் பேசிய கார்ட்டூன் அது. கார்ட்டூன் என்று சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அனிமே என்றுதான் சொல்ல வேண்டும். அதில் கோரு என்று ஆரஞ்சு முடிக்காரப் பையன் ஒருவன், தன் ஊரைக் காப்பாற்ற ஏழு வாயிலைத் திறக்க வேண்டும். கையை ஓங்கினான் என்றால் அது எதிராளி மேல் இறங்க மூன்று நாள் ஆகும். நடுவில் செத்துப்போன அம்மாவை நினைத்து அழுவான், காற்றில் முடி பறக்கும், விளம்பரம் வரும். முப்பத்தெட்டாவது பகுதியில் ஐந்தாவது வாயில் பாதி திறந்தது. அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் அதே சேனலில் ஒட்டாத தோசைக்கல் விற்றார்கள். அதோடு சரி. மீதிப் பகுதிகள் இன்று அவன் கைப்போனிலேயே ஜப்பான் மொழியில் கிடக்கின்றன, தேடினால் ஒரு நிமிஷம். அந்தத் தமிழ்க்குரல் இல்லாமல் பார்ப்பது துரோகம் என்று பதினெட்டு வருஷமாகப் பாதி திறந்த வாயிலிலேயே உட்கார்ந்திருந்தான்.

வெண்ணிலாவும் அதே இரண்டாயிரத்து ஏழில்தான் இருந்தாள். அவள் பிறந்த ஊரான சுண்ணாம்புக்குளத்தில் அவள் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது அந்த வருஷம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவளை நிறுத்தி இறால் உரிக்கும் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். ஐஸ் தண்ணீரில் கை ஊறி, இறால் தலைமுள் குத்தி, விரலிடுக்கெல்லாம் புண்ணாகிப் போகும்; ஐந்தரை மணிக்கு ஷிஃப்ட் முடியாது, ஏழாகும். இதை அவள் யாரிடமும் சொல்லி உருகியதில்லை. அவளுக்கு எரிச்சலாக இருந்தது வேறு. புருஷன் தினமும் அரை மணி நேரம் போய் இருந்துவிட்டு வருகிற அந்த வயதில் வெண்ணிலா என்று ஒருத்தியே கிடையாது. ஏழு வருஷம் சோறு போட்டவளை அக்கா என்று கூப்பிடுகிறான். அதிலும் அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனிடம் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு வலித்தது; வலித்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. கேட்டால், தானா வருது, நான் இன்னா செய்றது என்பான். தானாக வருகிறதென்றால் ஐந்து மணிக்கே ஏன் முகம் கழுவித் தலை சீவுகிறான் என்று அவள் கேட்டால் சீப்பை மறைப்பான்.

சேதி பரவியது. சென்னையில் ஏசி ரிப்பேர் வேலை செய்யும் அவன் கூட்டாளி ஜெகதீஸ்வரன் வந்து பார்த்து, வீடியோ எடுத்து, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து எல்லாக் குரூப்பிலும் போட்டான். மறுவாரம் பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் ஆட்கள் பைக்கில் வந்தார்கள். எல்லோருக்கும் முப்பது தாண்டியிருந்தது. எல்லோரும் கோருவின் படம் போட்ட கறுப்புச் சட்டை மாட்டியிருந்தார்கள். தொப்பை தள்ளியதில் கோருவின் முகம் பூசணிக்காய் அளவுக்கு அகன்றிருந்தது. ஒன்றுமே வராத டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து, அதெல்லாம் ஒரு காலம்டா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெற்ற தகப்பன் செத்தபோது சுடுகாட்டில் நின்று போன் பார்த்தவனெல்லாம் அங்கே தேம்பி அழுததை வெண்ணிலா வாசலில் நின்று பார்த்தாள். டீ கேட்டார்கள். அடுப்பு அணைந்துவிட்டது என்றாள். புரட்டாசி முடிவதற்குள் அந்தக் குப்பத்திலேயே இன்னும் பதினோரு பேருக்கு ஐந்தரை மணி கண்டது. சிலர் பதின்மூன்று, ஒருவன் பதினாறு. எட்டாம் வகுப்பு மூன்று தடவை எழுதியவன் அவன், கணக்கு சரிதான்.

ஐப்பசி பிறந்தது, பாடு வந்தது. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். நாலு வீடு சேர்ந்தது ஒரு கூட்டு. பாடு கல்யாணமான ஆளுக்குத்தான், சின்னப் பசங்களுக்கு இல்லை. பொழுது சாயும் நேரத்தில் தண்ணீரில் இறங்கிக் கழி நட்டு வலை கட்டி, விடியலில் எடுக்க வேண்டும். முதல் கழியை நடுகிறவன் யாரோ, கூட்டின் அந்த ராத்திரிப் பாடு அவன் பேரில். வருஷத்தில் நல்ல முறை நாலோ ஐந்தோ வரும். அதை வைத்துத்தான் வீடு நிமிர வேண்டும். அந்த வருஷம் முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், முதல் மழை முடிந்து ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடும் முதல் இறக்கம், பிரசாந்தின் கூட்டுக்கு விழுந்தது. இப்படி ஒரு சீட்டு அவன் அப்பாவுக்கு ஆயுசுக்கும் விழுந்ததில்லை. இன்றைக்கு ஒரு நாள் அந்த வயசுக்குப் போகாமல் இரு என்று வெண்ணிலா அன்று காலையிலேயே சொன்னாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஐந்து இருபத்தெட்டுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் கழியைப் பிடித்தபடி 'ஏழு வாயில் கோட்டை'யின் தொடக்கப் பாட்டை முணுமுணுத்தான் என்று கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஐந்தரைக்கு இடுப்பிலிருந்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. பிஞ்சுக் கையில் கழி நிற்கவில்லை. நீரோட்டம் கழியையும் வலையையும் இழுத்துக்கொண்டு போக, நாலு வீட்டு இறால் அடுத்த கூட்டின் வலையில் போய் விழுந்தது. பையன் தண்ணீரில் நின்று, வாயில் திற, வாயில் திற என்று கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் சமூகக்கூடத்தில் ஊர் கூடியது. தலைவர் திருவேங்கடம் ஒரு மணி நேரம் எல்லோரையும் பேசவிட்டார். ஆள் மாறியதைப் பற்றி யாரும் ஆச்சரியப்படவில்லை, அது பழசாகிவிட்டிருந்தது. வலை போனதைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் அவர் சொன்னார்: "பசங்களுக்குப் பாடு இல்ல. ஐந்தரைக்கு நீ பையன். உன் வீட்டுப் பாடு இந்த வருஷத்தோட நின்னுது." பாடு நின்ற வீடு அந்த ஊரில் மறுபடி சீட்டில் ஏறியதில்லை. பிரசாந்த் தலையைக் குனிந்துகொண்டான். ஓரத்தில் நின்ற வெண்ணிலா நடுவில் வந்தாள்.

"மாமா, அவன் பையன்னா நான் யாரு? நான் எந்நேரமும் முப்பத்திரண்டுதான். நான் நட்டுறேன் கழி."

பொம்பளை பாடு கட்ட இறங்குவதா என்று நாலைந்து குரல் எழுந்தது. வெண்ணிலா அந்தக் குரல்கள் வந்த பக்கம் திரும்பினாள்.

"சரி. ஐந்தரைக்கு மீசையோட நிக்கிற ஆளு இந்தக் கூட்டுல எவன் இருக்கீங்க, கை தூக்குங்க."

கூட்டின் மற்ற மூன்று வீட்டு ஆண்களில் இருவர் அந்தப் பதினோரு பேரில் அடக்கம். மூன்றாமவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. திருவேங்கடம் கூடத்து விட்டத்தைப் பார்த்தார், வெண்ணிலாவின் கையைப் பார்த்தார், விரலிடுக்குத் தழும்புகளைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு மட்டும் அந்த வயசுக்குப் போவணும்னு தோணவே இல்லையா?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அங்க இன்னா இருக்குது எனக்கு, போறதுக்கு?" என்றாள்.

ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை அந்த வீட்டுப் பாடு வெண்ணிலாவுடையது என்று ஊர் முடிவு செய்தது. முதல் கழி நடுகிற நேரம் அதுதான் என்பதால் ராத்திரிப் பாடு முழுக்க அவளுடையதாயிற்று என்பது கலைந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஆண்களுக்கு உறைத்தது. முதல் முறை அவள் கழி சாய்ந்தது. இரண்டாம் முறை நின்றது. கார்த்திகை பிறந்தபோது ஏழு பெண்கள் இறங்கினார்கள். வரத்து குறையவில்லை.

மார்கழியில் ஒருநாள், முகத்துவாரத்து இடம் திரும்பவும் அவள் கூட்டுக்கு வந்தது. ஐந்தரை மணிக்கு வெண்ணிலா அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். வலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் பிரசாந்தின் மீசை போய்க்கொண்டிருந்தது. அன்று என்னவோ பையன் டிவியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். எழுந்து வாசல் வரை வந்தான்.

"அக்கா, நீ பாடு கட்டப் போறியா? நானும் வரட்டா?"

அவள் நின்றாள். அந்தப் பையன் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை; அவன் யாருக்கு என்ன செய்தான், பாவம். ஆனால் அவனுக்குள் இருக்கிற ஆளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

"பசங்களுக்குப் பாடு இல்லடா. போய் டிவி பாரு."

"டிவில ஒண்ணும் வர்லக்கா."

"வரும். பார்த்துகினே இரு."

படகு போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெண்ணிலா இறங்கி முதல் கழியை நட்டு, ஆட்டிப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தாள். ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கரையில் முப்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, கையை ஆட்டி ஆட்டி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். வலை கட்டி முடிந்திருந்தது.