மாதாந்திர பாஸும் ஆனந்தராஜின் கட்டைவிரலும்

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் சலூன் வைத்திருந்த ஆனந்தராஜுக்கு அந்த யோசனை மாடிப்படியில் வந்தது. மாடியில் ராஜ்குமார் என்பவன் ஜிம் நடத்திக்கொண்டிருந்தான். மாசம் பிறந்தால் ஆட்கள் பணத்தைக் கட்டிவிட்டு இரண்டு நாள் எடை தூக்குவார்கள். அப்புறம் உடம்பு வலி என்று காணாமல் போவார்கள். அடுத்த மாசம் புதுத் தீர்மானத்தோடு மறுபடி பணம் கட்டுவார்கள். வராத ஆட்கள்தான் தனக்குச் சோறு போடுகிறார்கள் என்று ராஜ்குமார் படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னான். அன்று சாயங்காலம் வரை ஆனந்தராஜுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

மறுநாளே பிளெக்ஸ் அடித்துவிட்டான். ஐநூறு ரூபாய் பாஸ் வாங்கினால் மாசம் முழுக்க கட்டிங், ஷேவிங், தலை மசாஜ். எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். கீழே கத்தரியும் கையுமாக அவன் போட்டோ.

அதைப் பார்த்துவிட்டு அவன் மனைவி சித்ரா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "ஜிம்முக்குப் போனா உடம்பு வலிக்குது, அதனால வரமாட்டேன்றாங்க. தலைய புடிச்சு உட்டா எவன்ங்க வலிக்குதுன்னு வராம இருப்பான்?"

வீட்டில் இருப்பவளுக்கு வியாபாரம் புரியாது என்று ஆனந்தராஜ் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வெளியே சொல்கிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை.

பாஸ் சூடான போண்டா மாதிரி விற்றது. கல்லாவில் ஒரே நாளில் அவ்வளவு பணத்தை அவன் பார்த்ததில்லை. அந்தத் தெம்பில் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். அதில் தானே உட்கார்ந்து இரண்டு முறை ஏறி இறங்கியும் பார்த்தான். பிறகு அதில் உட்கார அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை தாடியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று இருந்தவர்களெல்லாம் இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஷேவிங்குக்கு வந்தார்கள். முகத்தில் முடியே இருக்காது. நுரையைப் போட்டு நுரையை மட்டும் வழித்து அனுப்பினான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி பெரியதம்பிக்குத் தலை வழவழவென்று இருக்கும். கட்டிங், ஷேவிங் பங்கையும் சேர்த்து மசாஜாகவே கொடுத்துவிடச் சொல்லி அவர் ஏற்பாடு செய்துகொண்டார். விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. திரும்பி வரும்போது குறட்டையும் விடுவார். குறட்டை நின்றால் மசாஜ் நின்றுவிட்டது என்று விழித்துக்கொள்வார்.

ஆனந்தராஜின் கட்டைவிரல் இரண்டும் வாழைப்பூ மாதிரி வீங்கின. ராத்திரி சாப்பாட்டைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டான். சித்ரா ஸ்பூனோடு தைலத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

பாஸ்காரர்களில் பேராசிரியர் இருதயராஜும் ஒருவர். தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக்குப் போய்ப் பொருளாதாரம் நடத்துகிறவர். நாளுக்கு மூன்று தடவை சலூனுக்கு வருவார். ஒருநாள் அவர் தலையைப் பிடித்துவிட்டபடியே ஆனந்தராஜ் அழாத குறையாகக் கேட்டான், இந்த ஜனங்களுக்கு என்னதான் ஆயிற்று என்று.

"பாஸுக்குத்தான் விலை. அடுத்த மசாஜுக்கு என்ன விலை வச்சிருக்கீங்க? சைபர்," என்றார் இருதயராஜ். "விலை சைபர்னா, இனிமே இதுல துளி சுகம்கூட பாக்கி இல்லன்ற வரைக்கும் மனுஷன் வந்துக்கினேதான் இருப்பான்."

"உங்களுக்கு எப்ப சார் பாக்கி இல்லாம போவும்?"

அவர் கண்ணை மூடி நேர்மையாக யோசித்தார். இடது காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகத் தெரிவித்தார்.

அடுத்த மாசம் ஆனந்தராஜ் பாஸை ஆயிரம் ரூபாயாக ஏற்றினான். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான் யார் யார் நின்றது என்று கவனித்தான். மாசத்துக்கு ஒரு கட்டிங்கோடு போன நல்லவர்களெல்லாம் நின்றிருந்தார்கள். பெரியதம்பி சந்தோஷமாகப் புதுப்பித்திருந்தார். இருதயராஜும் அப்படியே. கூட்டம் குறைந்ததால் இனி ஜல்தியாக நாற்காலி கிடைக்கும் என்று இருவரும் அவனைப் பாராட்டவும் செய்தார்கள்.

இருதயராஜ் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். விலையை ஏற்றினால் கொஞ்சமாக வருகிறவனுக்குக் கட்டுப்படியாகாது, அவன் விலகுவான். நிறைய வருகிறவனுக்கு அப்போதும் லாபம், அவன் இருப்பான். மறுபடி ஏற்றினால் இன்னும் மோசமானவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

இதை ஏன் சார் போன மாசமே சொல்லவில்லை என்று ஆனந்தராஜ் கேட்டான். அது அடுத்த செமஸ்டர் பாடம் என்றார் அவர்.

அன்று ராத்திரி ஆனந்தராஜ் விரல்களை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு, சித்ரா சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டான். அவள் உடனே விழுப்புரத்தில் இருந்த தன் அண்ணன் பிரவீன்குமாருக்கு போன் போட்டாள்.

பிரவீன்குமார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவன் எதிரே வந்தால் சொந்தக்காரர்கள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நாற்காலியில் கழுத்துவரை துண்டு கட்டி, முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருப்பவன் எங்கேயும் போக முடியாது. மறுநாள் காலையிலேயே பிரவீன்குமார் பையோடு வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டான். அண்ணே, நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வச்சுக்குங்க, என்று ஆரம்பித்தான். கத்தி தொண்டைமேல் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அதைச் சொன்னான்.

துட்டாக ஒரு பைசா கூட்டாமலே ஷேவிங்கின் விலை ஏறிவிட்டது. ஒருவர் இனி தாடி வளர்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியதம்பி நாலு நாள் தாக்குப் பிடித்தார். ஐந்தாம் நாள் குறட்டைக்கு நடுவே எதற்கோ தலையாட்டி, விழித்துப் பார்த்தபோது ஒரு பாலிசியில் பாதி சேர்ந்திருந்தார். அப்புறம் அவர் விழுப்புரத்துக்கு வேறு வழியாகப் போனார்.

இருதயராஜ் மட்டும் அசையவில்லை. பிரீமியத்தை எப்படி நிர்ணயிக்கிறீர்கள், நோயாளிகள் மட்டும் வந்து சேர்ந்தால் கம்பெனி என்ன செய்யும், பாலிசி எடுத்தவன் கவனக்குறைவாக இருக்கமாட்டானா என்று துண்டுக்குள்ளிருந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். எட்டாம் நாள் பிரவீன்குமார் பையைத் தூக்கிக்கொண்டான். "இந்த ஆளு பெரிய பேஜாருமா," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினான்.

இனி வேறு வழியில்லை என்று ஆனந்தராஜ் பாஸைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகப் பேச்செடுத்தான். கட்டிய ஆயிரத்தையும் கொடுத்துவிடுகிறேன் என்றான். இருதயராஜுக்கு முகம் மலர்ந்தது. எடுத்த எடுப்பிலேயே முழுத்தொகையைச் சொல்பவன் இன்னும் மேலே வருவான் என்று விளக்கிவிட்டு, அந்த மேலே என்பது எவ்வளவு என்று விசாரித்தார்.

அன்று சலூனுக்கு வந்திருந்த சித்ரா மூலையில் உட்கார்ந்து ஒரு சிவப்பு பலூனை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்து, முடிச்சுப் போட்டு, அதன்மேல் நுரையைப் பூசினாள். கத்தியில் புது பிளேடு மாட்டினாள்.

"அது எதுக்கும்மா?" என்று கேட்டார் இருதயராஜ்.

"இவருக்கு விரல் முடியல சார். நாளையிலேர்ந்து உங்களுக்கு ஷேவிங் நான்தான். கத்துக்கினு இருக்கேன்."

சொல்லிவிட்டு, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டி, கத்தியைப் பலூன்மேல் மெதுவாக இழுத்தாள். முதல் இழுப்பு அழகாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் பலூன் டமாரென்று வெடித்தது. நுரை கண்ணாடியிலும், ஃபேனிலும், பேராசிரியரின் மூக்குக்கண்ணாடியிலும் தெறித்தது.

இருதயராஜ் துண்டைத் தானே அவிழ்த்தார். தொண்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்து நாற்காலியின் கைமேல் வைத்தார். எவ்வளவு தரணும் சார் என்று ஆனந்தராஜ் கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம், ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் ரயில் எதுவும் இல்லை.

அன்றே பிளெக்ஸைக் கழற்றி, பழைய விலைப் பலகையை மாட்டினார்கள். ஆனந்தராஜ் அந்த ஏறி இறங்கும் நாற்காலியில் சாய்ந்து, நாளெல்லாம் எழுந்திருக்காமல் கிடந்தான். சித்ரா ஃபேனைத் துடைத்து முடித்து, இன்னொரு பலூனை எடுத்து ஊத ஆரம்பித்தாள். அவர்தான் போய்விட்டாரே, இனி எதற்கு என்று அவன் கேட்டான். மூணாவது இழுப்பில் என்ன தப்பு நடந்தது என்று அவளுக்குத் தெரிஞ்சாகணுமாம்.