நான்கு மூலையும் ஒரு குரலும்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் தம்பி, என் மகன், மருமகள், மேஸ்திரி, ஒல்லி, டிரைவர். ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரை நானே உள்ளிருந்து இறக்கினேன். எங்கள் வீட்டு விஷயம் தெருவுக்குப் போவதில் எனக்கு விருப்பம் இல்லை.

எங்களுடையது கண்ணாடிப் பட்டறை. அப்பா ஆரம்பித்தது, வாசல் பலகையில் அவர் பெயர்தான் இருக்கிறது. மேஸ்திரி இருபத்திரண்டு வருடமாக எங்களிடம் கண்ணாடி வெட்டுகிறார். ஒல்லி விளிம்பு தேய்ப்பவன். தொண்ணூறு கிலோ இருப்பதால் அந்தப் பெயர். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பெரிய கண்ணாடி கைநழுவி விழுந்து, மேஸ்திரியின் வலது உள்ளங்கை கிழிந்தது. அப்போது பக்கத்தில் ஒரு ஆர்க்கிடெக்ட் நின்றிருந்தார். எங்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர். "ஆளோட கவனக்குறைவு சார். எங்க பட்டறையில இப்படி நடக்காது" என்று அவரிடம் சொன்னேன். மேஸ்திரி துணியால் கையை அழுத்திக்கொண்டு அதைக் கேட்டார். கை ஆறியது. போன வாரம், மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் ஒல்லியும் டிரைவரும் பின்னாலேயே போவார்கள். அதன் பிறகு அப்பாவின் பலகைக்குக் கீழே நானும் தம்பியும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மருமகள் அலுவலகங்களில் பயிற்சி வகுப்பு நடத்துகிறவள். "ஒரு மணி நேரம் குடுங்க மாமா. ஒருத்தர் நல்லா தலைமை தாங்கறதுன்னா என்னன்னு அவங்க வாயாலயே வரட்டும்."

"அவங்க வாயால வர்றதை நான் காசு செலவில்லாம தினமும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"நீங்களும் விளையாடணும் மாமா."

எங்கள் குடும்பத்தில் யாரும் வேலையாட்களோடு விளையாடியதில்லை. ஆனாலும் சரி என்றேன். மேஸ்திரியைப் போக விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு ஒரு மணி நேரம் அசடு மாதிரி நிற்க வேண்டுமென்றால் நிற்கலாம்.

விளையாட்டு இதுதான். மேஸ்திரி, ஒல்லி, டிரைவர், தம்பி நால்வரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு மரப்பலகையை மூலைக்கு ஒருவராகத் தூக்க வேண்டும். வெட்டு மேசையைச் சுற்றி, கண்ணாடிகள் சாய்த்து வைத்திருக்கும் சந்து வழியாகப் பின்கதவு வரை போக வேண்டும். கண் திறந்திருக்கும் ஒருவர் வாயால் மட்டும் வழி சொல்லலாம், தொடக்கூடாது. முடிந்ததும், வழி சொன்னவரிடம் இருந்த ஒரு நல்ல குணத்தை ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும்.

முதலில் என் மகன் சொன்னான். எதிரே நின்றுகொண்டு தன் இடது கையைக் காட்டி "இடது, இடது" என்று கத்தினான். பலகை போய் மேசையில் இடித்தது.

"சின்ன முதலாளி, யாரு இடது? உங்க இடதா, எங்க இடதா?" என்றான் ஒல்லி.

"அவன் கல்யாணத்துலயும் இப்படித்தான், பொண்ணு இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னான்" என்றான் என் தம்பி. மருமகளே சிரித்துவிட்டாள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

அடுத்தது நான். நான் கத்தவில்லை. "ரெண்டு அடி. நில்லு. ஒல்லி மட்டும் உள்ள வா." பலகை எங்கேயும் இடிக்காமல் நகர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது; மறைப்பானேன். சந்து முடிந்தது. பின்கதவுக்கு நான்கு அடி இருக்கும்போது முன்மூலையில் இருந்த மேஸ்திரி நின்றுவிட்டார். கண்ணாடி கழுவும் தொட்டி அங்கேதான் இருக்கிறது.

"முதலாளி, கால்ல ஈரம் படுது."

வான்னா வாய்யா என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்துவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன்பும் இதே இடத்தில் நின்று இதையேதான் அவர் சொன்னார். ஆர்க்கிடெக்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வான்னா வாய்யா என்றேன். வந்தார்; வழுக்கியது.

கட்டிய கண்களோடு நான்கு முகங்கள் என் குரலுக்காகக் காத்திருந்தன. அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. இப்போதே உண்மையைச் சொல்லிவிட்டால் சுலபம். அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவில்லை.

"பலகையை இறக்குங்க. கண்ணைத் தொறங்க" என்றேன். துணிகளை அவிழ்க்கும்வரை காத்திருந்தேன். "அன்னைக்கு மேஸ்திரி ஈரம்னு சொன்னான். நான்தான் வரச் சொன்னேன். கை கிழிஞ்சது என்னால. பழியை அவன் மேல போட்டதும் நான்தான்."

"அண்ணே, இவங்க முன்னாடி போய்..." என்று ஆரம்பித்தான் தம்பி. "நம்ம குடும்ப மானம் என்னாகறது?"

"அதுக்குத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். நீ சும்மா இரு."

மேஸ்திரி கண்கட்டுத் துணியை நிதானமாக நான்காக மடித்தார். அவர் வெட்டு மேசையைத் துடைக்கும் துணியையும் அப்படித்தான் மடிப்பார்.

"இங்க இருக்கறவங்களுக்கு அது முன்னாடியே தெரியும் முதலாளி. தெரியாதவர் ஒருத்தர்தான்."

நான் போனை எடுத்து ஆர்க்கிடெக்டின் எண்ணைத் தேடினேன். மருமகள் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வாங்கவில்லை.

மேஸ்திரி மாதக் கடைசிக்குப் பிறகும் வருவாரா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஆனால் நான் போனில் அழுததாகவும், மருமகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னதாகவும் சொந்தக்காரர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை ஆர்க்கிடெக்ட் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நின்றுகொண்டே பேசினேன்.