மேல்மாடி இருக்கை

பதினெட்டாம் நூற்றாண்டில் எரிந்து சாம்பலான ஓர் ஓபரா அரங்கின் உட்புறத்தை மூன்று ஓவியர்கள் மூன்று விதமாக வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை வைத்து அந்த அரங்கைக் கம்ப்யூட்டரில் திரும்ப எழுப்ப வேண்டும். மியூசியத்துக்கு வருகிறவர்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் உள்ளே உட்கார்ந்து கச்சேரி பார்க்கலாம். ஜெர்சி சிட்டியில் எலிசாவுக்கு அதுதான் வேலை.

இரண்டு பேர் ராஜாவின் இருக்கையிலிருந்து வரைந்தவர்கள். நடுவில் தொங்கிய பிரம்மாண்டமான சரவிளக்கை ஒருவர் கூரையோடு ஒட்டிவிட்டார், மற்றவர் வரையவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரர்கள்! மேல்மாடியிலிருந்து வரைந்த மூன்றாமவர் விளக்கைத் தாழத் தொங்கவிட்டிருந்தார். அவர் படத்தில் மேல்மாடிக் கூட்டம் ஆளுக்கொரு பக்கம் கழுத்தை ஒடித்துக்கொண்டிருந்தது. கை வராத ஆள் என்று புத்தகங்கள் அவரை ஒதுக்கிவிட்டன.

எலிசாவுக்கு அந்தக் கழுத்துகளைத் தெரியும். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசை சோபாவெல்லாம் ஸ்பான்சர்களுக்கு. மகள் ஆடும்போது வீடியோ ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். அந்த மனுஷருக்குக் கை நன்றாகவே வந்தது என்று அவளுக்குப் பட்டது. அத்தனை மெழுகுவத்தியைக் கூரையோடு ஒட்டி ஏற்றியிருந்தால் கூரையில் தீட்டியிருந்த சித்திரம் முதல் வாரமே கருகியிருக்காதா?

எலிசா கம்ப்யூட்டரில் தாழத் தொங்கவிட்ட விளக்கை டீம் லீட் வெங்கடகிருஷ்ணன் உயர்த்தச் சொன்னார். மியூசியத்தின் அறங்காவலர்களுக்கு அழகுதான் வேண்டும், அவர்கள் முகம் சுளித்தால் கான்ட்ராக்ட் போகும், கூடவே எலிசாவின் விசாவும் போகும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எலிசாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றாள். அப்படியென்றால் நீங்களே அவர்களுக்குக் காட்டிக்கொள்ளுங்கள் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அறங்காவலர்கள் வந்த அன்று, அவர்களுக்குத் தலைவியான வெள்ளைக்கார அம்மாள் ராஜாவின் இருக்கையைக் கேட்டாள். எலிசா ஹெட்செட்டை மாட்டிவிட்டு அவளை மேல்மாடியில் உட்கார வைத்தாள். பாட்டு ஆரம்பித்தது. பாடுகிறவளைக் காணோம், விளக்குத்தான் தெரிகிறது என்று அம்மாள் சிடுசிடுத்தாள். வெங்கடகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். எலிசா மூன்றாவது ஓவியத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டாள்.

பாட்டு உச்சத்துக்குப் போனபோது அம்மாளின் கழுத்து தானாக ஒரு பக்கம் வளைந்தது. மற்றவர்கள் அவளையும் பார்த்தார்கள், சுவரையும் பார்த்தார்கள்.

அம்மாள் ஹெட்செட்டைக் கழற்றிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இந்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் வெங்கடகிருஷ்ணன் கேட்டார். “அவங்க reject பண்ணிருந்தா என்ன பண்ணிருப்பீங்க, எலிசா?”

“பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருப்பேன், வெங்கட். வெளக்க ஏத்திருக்க மாட்டேன்.”